வழித்தடம் ஒன்பது

நேர்காணலில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"ஏன் ஆசிரியராக வேண்டும், மிஸ் ஸ்கோக்ஸ்டாட்?"

பனிப்புயலைச் சொன்னேன்.
எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

மைனாட்டுக்கு வடக்கே பதினெட்டு மைல்.
ஜனவரி. பிற்பகல் மூன்றரை.
என் மஞ்சள் பஸ் முன்சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி
இனி ஆகாது என்று உட்கார்ந்துவிட்டது.
உள்ளே பத்தொன்பது பிள்ளைகள்.
வெளியே வயலும் இல்லை, வானமும் இல்லை.
ரேடியோவில் கார்லா
"வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்றாள்,
நான்கு மணி நேரம்.

பத்து நிமிடம் இன்ஜின், இருபது நிமிடம் குளிர்.
டீசல் முள்ளையே பார்த்திருந்த பிரெக்கன்
எவ்வளவு மிச்சம் என்றான்.
கால் டாங்க்.
"அதில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தால்?"

கையுறையைக் கழற்றி
மூச்சு படிந்த ஜன்னலில் விரலால் எழுதினேன்.
கீழே எண், மேலே எண், நடுவில் கோடு.
பன்னிரண்டில் ஒன்று என்று முடித்து
நிமிர்ந்தும் கொண்டேன்.
"அது தீர்ந்தது. அவன் கேட்டது மிச்சம்"
என்றாள் மூன்றாம் வரிசையிலிருந்து
டீகன் அஸூர், ஆறாம் வகுப்பு,
புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

எட்டு ஜன்னல் நிரம்பின.
எழுதியதெல்லாம் ஓரத்திலிருந்து உறைந்து வந்தது.
பின்னம் என்றால் உடைந்தது,
உடைந்ததையும் கூட்டலாம் என்று நான் சொன்னதாக
நேர்காணலில் சொன்னேன்.
அந்த வரி பிற்பாடு சேர்த்தது.
அன்று சொன்னது:
"யாரும் கண்ணாடியில் நாக்கு வைக்காதீர்கள்."

நடுவில் இருந்தவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.
வேலை கிடைத்தது.

பொய் இல்லை.
ஆனால் புயல் அடித்து ஆறு வருடம் கழித்துத்தான்
கல்லூரிப் படியேறினேன்.
எந்தப் புயல் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருக்கும்?

பஸ் ஓட்டுநருக்குப் பல் காப்பீடு கிடையாது, ஆசிரியருக்கு உண்டு.
கடைவாயில் ஒன்று இரண்டு குளிர்காலமாகக் குடைந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால்
கடிக்க வேண்டியதே அந்தப் பல்.
எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன லெய்ஃப்
பணம் அனுப்பினான்,
பிறகு பாதி அனுப்பினான்,
பிறகு கிறிஸ்துமஸ் அட்டை.
மாலை வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனை
ஒருகாலத்தில் நான்தான் பள்ளிக்கு ஏற்றிச் சென்றேன்.
இயற்கணிதத்தில் ஒருமுறை தோற்றேன்.
அவன் தோற்கவில்லை.

இதையும் சொல்லவில்லை:

ஓட்டுநர் தலைக்கு மேலே
நீளமாக ஒரு கண்ணாடி இருக்கும்.
பதினோரு வருடம் பிள்ளைகளை அதில்தான் பார்த்தேன்,
இடம் வலம் மாறி, விரல் நீளத்தில்.
அவர்களுக்குத் தெரிந்தது என் பிடரி.

புயலுக்கு அடுத்த இலையுதிர்காலத்தில்
டீகன் மூன்றாம் வரிசையிலிருந்து எட்டுக்குப் போனாள்.
பிறகு கடைசிக்கு.
பிறகு புத்தகம் இல்லை.
ஏப்ரலில் ஒரு காலை
அவள் நிறுத்தத்தில் தபால் பெட்டி மட்டும் நின்றது.
கதவைத் திறந்தேன்.
முப்பது விநாடி என்பது விதி.
நாற்பது நின்றேன்.
மூடினேன்.
மறுநாளும். அந்த வாரம் முழுக்க.
வெள்ளிக்கிழமை கார்லா
அந்த நிறுத்தத்தைத் தாளிலிருந்து அடித்தாள்,
ஆறு நிமிடம் மிச்சம் என்று.

எங்கே போனாள் என்று கேட்க
ஓட்டுநருக்கு ஒரு படிவம்கூடக் கிடையாது.
பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது
"குடும்பமா?" என்றார்கள்.
வழித்தடம் ஒன்பது என்றேன்.
அது எதற்கும் பதில் இல்லை.

அறை 114, ஏழாம் வகுப்பு, கணக்கு.
முதல் நாள் பலகையில் பெயர் எழுதத் திரும்பினேன்.
முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
பழக்கத்தில் கண் மேலே போனது.
அங்கே கடிகாரம்தான் இருந்தது,
அதுவும் ஏழு நிமிடம் பிந்தி.

யாரென்று பார்க்க
முழு உடம்போடும் திரும்ப வேண்டியிருந்தது.